கர்சர் எங்கே போய் நிற்கும்? – கட்டளைக்கு விளக்கம் எழுதும் பாடம்



நமது அறக்கட்டளையின் மாலை நேரக் கணினி வகுப்பில் இந்த மாதம் எடுத்துக்கொண்ட பாடத்தை இங்கே எழுத்தில் தருகிறோம். எடிட்டரில் கர்சரை நகர்த்தும் கட்டளைகள் எவை, அந்தக் கட்டளைகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதே பாடம். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இதை வீட்டில் ஒருமுறை படிக்க வேண்டும். பெற்றோர்களும் உடன் இருந்து படித்தால் நல்லது.

"மவுஸை நகர்த்தி ஒரு கிளிக் செய்தால் கர்சர் போய்விடுகிறது, இதற்கு ஒரு பாடம் தேவையா?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் வகுப்புக்குப் பார்வை இழந்த ஒரு தம்பி வருகிறார். கணினி வாசித்துச் சொல்வதைக் காதால் கேட்டு வேலை செய்கிறார். அவருக்கு மவுஸ் பயன்படாது. திரையில் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தானே அதை நகர்த்த முடியும்? அவர் முன்பு படித்த பயிற்சி நிலையம் ஒன்றில் கொடுத்த குறிப்பில், "படத்தில் காட்டியுள்ள இடத்துக்குக் கர்சரைக் கொண்டு செல்லவும்" என்று இருந்ததாம். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அந்த வரியால் என்ன பயன்? எந்த விசையை அழுத்த வேண்டும், அழுத்தியபின் கர்சர் எங்கே நிற்கும் என்று சொற்களால் எழுதியிருந்தால், அவரும் மற்றவர்களைப் போலவே அந்தப் பாடத்தை முடித்திருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. குடும்பங்களுக்கு வழங்கும் உதவிகளின் பதிவேட்டைக் கணினியில் வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை மூத்த மாணவர்களிடம் ஒப்படைக்க எண்ணியிருக்கிறோம். அந்தப் பதிவேடு ஓர் அமானிதம். கர்சர் ஒரு வரி தள்ளி நின்றால், ஒரு குடும்பத்துக்குரிய அரிசியும் மருந்துச் செலவும் அடுத்த குடும்பத்தின் பெயரில் பதிவாகிவிடும். ஆகவே கர்சர் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாக அறிந்து வேலை செய்யும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

ஈமாக்ஸ் எடிட்டர்

பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட எடிட்டரின் பெயர் ஈமாக்ஸ். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் இது தோன்றியது. அங்கே அப்போது டீகோ என்ற எடிட்டர் புழக்கத்தில் இருந்தது. ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்ப அதில் புதிய கட்டளைகளைச் செய்து வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வழக்கம் இன்னொருவருக்குப் புரியவில்லை. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் முயற்சியில் கை ஸ்டீல், ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆகியோர் ஈடுபட்டதால் ஈமாக்ஸ் பிறந்தது. இன்று உலகெங்கும் பயன்படும் குனூ ஈமாக்ஸ் என்ற வடிவத்தை ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். இது கட்டற்ற மென்பொருள். விலை கொடுக்க வேண்டியதில்லை, பழைய கணினியிலும் ஓடும், உள்ளே திறந்து பார்க்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

இதன் இரண்டு குணங்கள் நம் பாடத்துக்கு முக்கியம். முதலாவது, பயன்படுத்துபவரே புதிய கட்டளைகளை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒவ்வொரு கட்டளையும் தன்னைப் பற்றிய விளக்கத்தைத் தன்னோடே வைத்திருக்கும். கண்ட்ரோல் விசையுடன் எச் அழுத்தி, பிறகு கே அழுத்தி, அதன்பின் ஏதாவது ஒரு விசையை அழுத்தினால், அந்த விசை என்ன செய்யும் என்ற விளக்கம் திரையில் வரும். யாரையும் கேட்கத் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. ஆனால் அந்த விளக்கம் தானாக உண்டாவதில்லை. கட்டளையை எழுதியவர் உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் அது அங்கே இருக்கும்.

அடிப்படைக் கட்டளைகள்

முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த கட்டளைகள் இவை.

கண்ட்ரோல் + எஃப்: ஓர் எழுத்து முன்னே.
கண்ட்ரோல் + பி: ஓர் எழுத்து பின்னே.
கண்ட்ரோல் + என்: அடுத்த வரி.
ஆங்கில எழுத்து வரிசையில் ஓ–வுக்கு அடுத்து வரும் 'பி'யைக் கண்ட்ரோலுடன் அழுத்தினால்: முந்தைய வரி.
கண்ட்ரோல் + ஏ: வரியின் தொடக்கம்.
கண்ட்ரோல் + இ: வரியின் முடிவு.
ஆல்ட் + எஃப்: ஒரு சொல் முன்னே.
ஆல்ட் + பி: ஒரு சொல் பின்னே.
ஆல்ட் + ஏ: வாக்கியத்தின் தொடக்கம்.
ஆல்ட் + இ: வாக்கியத்தின் முடிவு.
கண்ட்ரோல் + வி: ஒரு திரை அளவு கீழே.
ஆல்ட் + வி: ஒரு திரை அளவு மேலே.

பட்டியலில் பி என்று மட்டும் வருவது ஏ–வுக்கு அடுத்த எழுத்து. எஃப் என்பது ஃபார்வர்ட், பி என்பது பேக்வர்ட், என் என்பது நெக்ஸ்ட், மற்ற 'பி' ப்ரீவியஸ், இ என்பது எண்ட். எல்லா விசைப்பலகையிலும் அம்புக்குறி விசைகள் இல்லாத காலத்தில் வந்த ஏற்பாடு இது. கட்டளைக்கு முன்னால் எண்ணும் கொடுக்கலாம். கண்ட்ரோல் + யு அழுத்தி, 5 என்று தட்டி, கண்ட்ரோல் + எஃப் அழுத்தினால் கர்சர் ஐந்து இடம் முன்னே போகும்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று: அலுவலகங்களில் உள்ள வேர்ட் மென்பொருளில் இதே விசைகளுக்கு வேறு வேலைகள். அங்கே கண்ட்ரோல் + எஃப் தேடுவதற்கு, கண்ட்ரோல் + பி எழுத்தைத் தடிமனாக்குவதற்கு, கண்ட்ரோல் + ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பதற்கு. ஆனால் லினக்ஸ் கணினியில் கட்டளை தட்டச்சு செய்யும் கருப்புத் திரையில் ஈமாக்ஸின் வழக்கம்தான் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் உள்ள கணினி நிறுவனங்களுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் அந்தத் திரையைச் சந்திக்காமல் இருக்க முடியாது. அங்கே இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கர்சர் நிற்கும் புள்ளி

திரையில் கர்சர் ஓர் எழுத்தின் மேல் கட்டம்போலத் தெரியும். ஆனால் ஈமாக்ஸின் கணக்கில் நாம் நிற்பது இரண்டு எழுத்துகளுக்கு இடையில். 'பால்' என்ற சொல்லில் கர்சர் 'ல்' மீது தெரிந்தால், நம் நிலை 'பா'வுக்கும் 'ல்'லுக்கும் நடுவில் இருக்கிறது என்று பொருள். இப்போது எதைத் தட்டினாலும் அந்த இடைவெளியில்தான் நுழையும். இந்த இடத்துக்கு ஈமாக்ஸ் கையேடு 'பாயிண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறது. நாம் 'புள்ளி' என்று சொன்னால் மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்பும். ஆகவே 'நிலை' என்று வைத்துக்கொள்வோம்.

சொல் தாண்டும் கட்டளையைப் பாருங்கள். ஆல்ட் + எஃப் அழுத்தினால் கர்சர் சொல்லின் முடிவில் நிற்கும். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் கண்ட்ரோலுடன் வலது அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த சொல்லின் தொடக்கத்தில் நிற்கும். இரண்டையும் "ஒரு சொல் முன்னே போகும்" என்றே எழுதலாம், எழுதினால் பொய்யும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு அது போதாது. முதலாவதில் தட்டச்சு செய்தால் புதிய எழுத்து பழைய சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவதில் அடுத்த சொல்லின் தலையில் ஒட்டும். எனவே "எவ்வளவு நகரும்" என்று சொன்னால் மட்டும் போதாது, "எங்கே நிற்கும்" என்றும் சொல்ல வேண்டும்.

விளக்கக் குறிப்பில் இருக்க வேண்டியவை

குர்ஆன் ஓதக் கற்ற எல்லோருக்கும் வக்ஃப் குறியீடுகள் தெரியும். மீம் இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும், லாம் அலிஃப் இருந்தால் நிறுத்தக் கூடாது, ஜீம் இருந்தால் நிறுத்தலாம், தொடரவும் செய்யலாம். நம் பகுதியில் ஓதும் முஸ்ஹஃபுகள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் இந்தக் குறியீடுகளின் விளக்கம் அச்சிட்டிருக்கும். எங்கே நிற்பது என்பதைப் படிப்பவரின் யூகத்துக்கு விடாமல் எழுதி வைத்தார்கள். விளக்கக் குறிப்பு எழுதுபவரும் அதே அக்கறையுடன் எழுத வேண்டும்.

ஈமாக்ஸில் ஓர் எழுத்து முன்னே செல்லும் கட்டளைக்கு ஏற்கெனவே உள்ள விளக்கத்தை வகுப்பில் திறந்து படித்தோம். சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளில் ஆறு கேள்விகளுக்குப் பதில் இருந்தது.

1. எதை எண்ணி நகர்கிறது? எழுத்தையா, சொல்லையா, வரியையா?
2. எந்தப் பக்கம் நகர்கிறது?
3. கழித்தல் எண் கொடுத்தால் என்ன ஆகும்? எதிர்ப்பக்கம் செல்லும்.
4. எண்ணே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்று என்று எடுத்துக்கொள்ளும்.
5. கோப்பின் தொடக்கத்தையோ முடிவையோ தொட்டுவிட்டால் என்ன ஆகும்? நின்றுவிடும், பிழை என்று அறிவிக்கும்.
6. திரையில் அது வலப்பக்கமா, இடப்பக்கமா? எழுதப்பட்ட மொழியைப் பொறுத்தது.

ஐந்தாவது கேள்வியைத்தான் புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடப்பதால் விளிம்பு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் தவறு நேர்வது விளிம்பில்தான்.

எழுதும் நடைக்கும் ஈமாக்ஸில் ஒரு மரபு இருக்கிறது. முதல் வரி தனியாக நின்று முழுப் பொருள் தர வேண்டும். கட்டளைகளைத் தேடிப் பட்டியல் எடுக்கும்போது முதல் வரி மட்டுமே தெரியும் என்பது அதற்குக் காரணம். "நகர்த்துகிறது" என்று எழுதாமல் "நகர்த்து" என்று ஏவலாக எழுத வேண்டும். கட்டளைக்குக் கொடுக்கும் மதிப்பின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆகவே அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள், எல்லா இடத்திலும் ஒரே சொல்லாக எழுதும்படி நம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஓரிடத்தில் 'எண்', இன்னோரிடத்தில் 'அளவு' என்று எழுதினால் இரண்டும் வேறு என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

முன்னே என்றால் எந்தப் பக்கம்?

ஆறாவது கேள்விக்கு வருவோம். வானகரம் பக்கமிருந்து வருபவருக்கு வலது கைப்பக்கம் இருக்கும் கடை, அம்பத்தூர் பக்கமிருந்து வருபவருக்கு இடது கைப்பக்கம் இருக்கும். வீட்டுக்கு வழி சொல்லும்போது "எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தானே சொல்கிறோம்?

எழுத்திலும் இதே நிலைதான். தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. அரபியும் உருதுவும் வலமிருந்து இடமாகச் செல்கின்றன. ஈமாக்ஸில் 'முன்னே' என்பதன் பொருள், படிக்கும் வரிசையில் அடுத்தது என்பதே. அரபி வரியில் கண்ட்ரோல் + எஃப் அழுத்தினால் கர்சர் திரையில் இடப்பக்கம் நகரும். அலிஃபில் இருந்து லாமுக்குப் போவது முன்னே போவதுதானே? வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளைச் சரியாகக் காட்டும் வசதி 2012இல் வந்த ஈமாக்ஸ் 24ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

வலது அம்புக்குறி விசையின் கதை வேறு. அந்தப் பத்தி வலமிருந்து இடமாகச் செல்லும் பத்தியா என்று பார்த்து, அதற்கேற்ப முன்னேயோ பின்னேயோ அது செல்லும். தமிழ்ப் பத்தியில் வலது அம்புக்குறியும் கண்ட்ரோல் + எஃப்பும் ஒரே வேலையைச் செய்யும். அரபிப் பத்தியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போகும். தமிழ்ப் பத்திக்கு நடுவில் ஓர் அரபிச் சொற்றொடர் வந்தால், அந்தச் சொற்களைக் கடக்கும்போது கர்சர் திரும்பிப் போவதுபோலத் தெரியும். கணினி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். கெடவில்லை. வரிசை மாறாமல்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர் தமிழையே அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபுத் தமிழ் என்ற அந்த முறையில் எழுதிய மார்க்க நூல்கள் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெரும் செல்வமாக இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்ற முன்வரும் பிள்ளைக்குத் தமிழ் மொழியும் வலமிருந்து இடமாகத்தான் ஓடும். ஆகவே விளக்கம் எழுதும்போது 'வலப்பக்கம்' என்று எழுதுவதைத் தவிர்த்து 'முன்னே' என்று எழுதுங்கள். திரையில் உண்மையிலேயே வலப்பக்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அப்படி எழுதுங்கள்.

தமிழில் எழுத்து என்றால் எது?

இதுவரை "ஓர் எழுத்து முன்னே" என்றே சொல்லி வந்தோம். விளக்கம் எழுதும்போது அது போதாது.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். அயனம்பாக்கம்: அ, ய, ன, ம், பா, க், க, ம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகூட எட்டு எழுத்து என்று சொல்லிவிடும். கணினி அப்படி எண்ணுவதில்லை. யூனிகோட் முறையில் 'ம்' என்பது 'ம' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறிகள். 'பா' என்பது 'ப' ஒன்று, கால் ஒன்று என இரண்டு. இப்படிக் கணக்கிட்டால் ம் இரண்டு முறை வருவதால் நான்கு, பா இரண்டு, க் இரண்டு, மீதி அ, ய, ன, க நான்கு. மொத்தம் 12 குறிகள்.

எழுத்துரு சரியாக அமைந்த கணினியில் கண்ட்ரோல் + எஃப்பை ஒவ்வொன்றாக அழுத்தினால், கர்சர் 'ம்' போன்ற கூட்டைப் பிரிக்காமல் முழுதாகத் தாண்டும். எட்டு முறை அழுத்தினால் ஊர்ப் பெயர் முடிந்துவிடும். ஆனால் எண் கொடுத்து, "எட்டு முன்னே போ" என்று ஒரே கட்டளையாகச் சொன்னால் எட்டுக் குறிகளைத்தான் எண்ணும். சொல்லின் முடிவுக்கு வராமல் நடுவிலேயே நின்றுவிடும். முடிவுக்கு வர 12 கொடுக்க வேண்டும்.

அழிப்பதிலும் இந்த வித்தியாசம் உண்டு. 'பா'வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கால் மட்டும் போய் 'ப' மிஞ்சும். 'பா'வுக்கு முன்னால் நின்று டெலீட் விசையை அழுத்தினால் புதிய ஈமாக்ஸ் பதிப்புகளில் 'பா' முழுதும் ஒரேயடியாகப் போகும்.

இதனால் தெரிவது என்ன? ஆங்கில விளக்கத்தில் 'கேரக்டர்' என்று இருப்பதைத் தமிழில் 'எழுத்து' என்று அப்படியே மாற்றினால் விளக்கம் தவறாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. தமிழில் எழுதும் நாம் 'எழுத்து' என்பதையும் 'குறி' என்பதையும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். "எண் கொடுத்தால் அத்தனை யூனிகோட் குறிகள் முன்னே செல், குறிகளின் எண்ணிக்கை தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கலாம்" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

வாக்கியம் தாண்டும் கட்டளையிலும் இதுபோல ஒன்று இருக்கிறது. முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விட்டால்தான் வாக்கியம் முடிந்தது என்று ஈமாக்ஸ் இயல்பாக எடுத்துக்கொள்ளும். அது பழைய ஆங்கிலத் தட்டச்சு வழக்கம். நாம் ஓர் இடைவெளிதான் விடுகிறோம். அதனால் ஆல்ட் + இ அழுத்தினால் கர்சர் நாம் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகலாம். அமைப்பை மாற்றி ஓர் இடைவெளி போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதை விளக்கக் குறிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

காதால் கேட்டு நகர்பவர்கள்

டி.வி. ராமன் என்ற இந்திய அறிஞரைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1965இல் புனேயில் பிறந்தவர். பதினான்காம் வயதில் கிளாக்கோமா நோயால் பார்வையை முழுவதும் இழந்தார். புனேயில் கணிதம் படித்தார், மும்பை ஐ.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் பெற்றார், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி வாசிக்கும் மென்பொருள்தான் அவருடைய ஆய்வு.

1995இல் அவர் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஈமாக்ஸைப் பேச வைக்கும் மென்பொருள் அது. அடுத்த வரிக்குப் போனால் அந்த வரியை வாசிக்கும். அடுத்த சொல்லுக்குப் போனால் அந்தச் சொல்லைச் சொல்லும். ஓர் எழுத்து நகர்ந்தால் அந்த எழுத்தைச் சொல்லும். இதற்காக அவர் ஈமாக்ஸின் கட்டளைகளைப் பிரித்து எழுதவில்லை. ஒரு கட்டளை வேலையை முடித்ததும் இன்னொரு வேலையைச் சேர்த்துச் செய்யும் வசதி ஈமாக்ஸில் இருக்கிறது. அதைக் கொண்டு, நகரும் கட்டளைகளோடு 'இப்போது நிற்கும் இடத்தைச் சொல்' என்பதைச் சேர்த்தார்.

அவருடைய வழியைக் கவனியுங்கள். திரையில் உள்ள படத்தைப் பார்த்து இங்கே என்ன தெரிகிறது என்று யூகித்துப் பேசுவது ஒரு முறை. ராமன் அதைச் செய்யவில்லை. நடந்த கட்டளை எது என்பதே அவருக்குத் தெரிந்திருந்தது. சொல் தாண்டும் கட்டளையா, சொல்லைப் பேசு. வரி தாண்டும் கட்டளையா, வரியைப் பேசு. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயரும் வரையறையும் தெளிவாக இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும்.

நம் வகுப்புக்கு வரும் தம்பிக்கும் இதுதான் வழி. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து "இங்கே, அங்கே" என்று விரல் காட்ட முடியாது. "வரியின் முடிவில் நிற்கிறீர்கள், கண்ட்ரோல் + ஏ அழுத்தினால் தொடக்கத்துக்கு வருவீர்கள்" என்று சொன்னால் போதும். பார்வை உள்ள மாணவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தங்கள் பாடத்தையும் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை வகுப்பில் கண்டு வருகிறோம்.

நம் பதிவேட்டுக்கு ஒரு கட்டளை

இப்போது பதிவேட்டுக்கு வருவோம். ஒரு கோப்பில் குடும்பங்களின் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு பதிவும் 'அட்டை எண்' என்ற வரியில் தொடங்குகிறது. அடுத்த பதிவுக்குப் போக ஒரு கட்டளையை மூத்த மாணவர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈமாக்ஸில் கட்டளையின் பெயருக்குக் கீழே, மேற்கோள் குறிகளுக்குள், விளக்கம் எழுத இடம் உண்டு. தமிழிலேயே எழுதலாம், கேட்கும்போது தமிழிலேயே காட்டும்.

பெரும்பாலோர் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்: "அடுத்த குடும்பத்துக்குப் போகும்."

இதைப் படிக்கும் தன்னார்வலர் கடைசிக் குடும்பத்தின் பதிவில் நிற்கிறார், கட்டளையை அழுத்துகிறார். கர்சர் அங்கேயே நிற்குமா, கோப்பின் முடிவுக்குப் போகுமா, சுற்றிக்கொண்டு முதல் குடும்பத்துக்கு வந்துவிடுமா? குறிப்பில் பதில் இல்லை. நகர்ந்துவிட்டது என்று நம்பி அவர் தட்டச்சு செய்தால், ஒரு விதவைத் தாய்க்குரிய மருந்துப் பணம் வேறொரு குடும்பத்தின் கணக்கில் ஏறிவிடலாம்.

அதே குறிப்பை இப்படி எழுதலாம்:

"அடுத்த குடும்பப் பதிவின் 'அட்டை எண்' வரித் தொடக்கத்தில் கர்சரை வை.
'எண்' கொடுத்தால் அத்தனை பதிவுகள் முன்னே செல். கழித்தல் 'எண்' கொடுத்தால் அத்தனை பதிவுகள் பின்னே செல். 'எண்' கொடுக்காவிட்டால் ஒரு பதிவு முன்னே செல்.
கர்சர் ஒரு பதிவின் நடுவில் இருந்தாலும் அடுத்த பதிவின் தொடக்கத்துக்கே செல்.
கேட்ட அளவுக்குப் பதிவுகள் இல்லாவிட்டால் கர்சரை நகர்த்தாதே. 'இனிப் பதிவு இல்லை' என்று அறிவி."

இரண்டாவது குறிப்பை எழுதும்போது இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. கடைசிப் பதிவில் என்ன செய்வது என்று எழுத உட்கார்ந்தால்தான், அதைப் பற்றி முடிவே செய்யவில்லை என்பது தெரியவரும். கட்டளையைத் திருத்திவிட்டு வந்து குறிப்பை முடிக்க வேண்டியிருக்கும். அதனால் கட்டளையை எழுதுபவரே, எழுதிய அன்றே, விளக்கத்தையும் எழுத வேண்டும் என்று வகுப்பில் விதி வைத்திருக்கிறோம்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் முழுப் பெயரைத் தமிழில் தட்டுங்கள். எழுத்துகள் எத்தனை, யூனிகோட் குறிகள் எத்தனை என்று தாளில் கணக்கிடுங்கள். பிறகு கர்சரைப் பெயரின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல் + எக்ஸ் அழுத்தி அதன்பின் சமக்குறி அழுத்துங்கள். ஈமாக்ஸ் காட்டும் இரண்டு 'பாயிண்ட்' எண்களின் வித்தியாசம் உங்கள் கணக்கோடு ஒத்துவருகிறதா?

2. கண்ட்ரோல் + எச் அழுத்தி, மறுபடி எச் மட்டும் அழுத்துங்கள். பல மொழிகளில் முகமன் கூறும் ஒரு பக்கம் திறக்கும். அதில் அரபி வரியில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' இருக்கும், தமிழ் வரியில் 'வணக்கம்' இருக்கும். இரண்டு வரிகளிலும் கண்ட்ரோல் + எஃப் அழுத்தி, கர்சர் திரையில் எந்தப் பக்கம் போகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

3. முந்தைய குடும்பப் பதிவுக்குச் செல்லும் கட்டளைக்கு விளக்கம் எழுதுங்கள். பதிவின் நடுவில் நிற்கும்போது அழுத்தினால், அதே பதிவின் தொடக்கத்துக்கு வர வேண்டுமா, அதற்கு முந்தைய பதிவுக்குப் போக வேண்டுமா? ஈமாக்ஸின் ஆல்ட் + பி சொல்லின் நடுவில் இருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் அது குறிப்பில் இருக்க வேண்டும்.

4. எழுதிய குறிப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும், நீங்கள் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் "இப்போது கர்சர் எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். உம்மாவோ, வாப்பாவோ, நன்னியோ, யாராக இருந்தாலும் சரி. அவரால் சொல்ல முடிந்தால் குறிப்பு சரி. முடியாவிட்டால் எந்த இடத்தில் தடுமாறினார் என்று பார்த்து அந்த வரியைத் திருத்துங்கள்.

வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் மூன்றாம், நான்காம் பயிற்சிகளைத் தாளிலேயே செய்யலாம். மற்ற இரண்டையும் வகுப்புக்குச் சற்று முன்னதாக வந்து செய்துகொள்ளுங்கள். குறிப்புகளில் சிறந்தவற்றை நமது பதிவேட்டுக் கட்டளைகளோடு, எழுதியவர் பெயர் போட்டுச் சேர்க்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பெண் பிள்ளைகளுக்கான வகுப்பிலும் இதே பாடம்தான் நடக்கும். பெற்றோர்கள் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பி வையுங்கள்.